பன்னிரண்டாவது நிமிஷம்

"நத்தை திரும்பி வர மாட்டேங்குது, மேடம்."

வேதமூர்த்தி உள்ளே வந்ததும் சொன்னது இதுதான். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஒன்று படியில் கிடந்தது, ஒன்று அறைக்குள்.

பல்கீஸ் திரும்பிப் பார்க்கவில்லை. யாருடைய படத்தின் சண்டைக் காட்சியையோ வெட்டிக்கொண்டிருந்தார்.

சாலிகிராமத்தில் கதை சிக்கிக்கொண்டால் பல்கீஸிடம் போவார்கள். இருபத்தைந்து வருஷமாகப் படத்தொகுப்பாளர். வயது நாற்பத்தெட்டு. வேதமூர்த்தியைவிட ஆறு வயது சிறியவர். ஆனாலும் பெரிய பெரிய இயக்குநர்கள் அந்த அறைக்குள் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதிகம் பேச மாட்டார். ஏதாவது ஒன்று கேட்பார். கேட்கப்பட்டவர் வீட்டுக்குப் போய் எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுவார்.

"எந்த நத்தை, சார்?"

"நான் எழுதிட்டிருக்கிற அனிமேஷன் படம். ஒரு அணில், ஒரு நத்தை. அணில் ஒரு இடத்துல நிக்காது. நத்தை ஒரு இடத்தை விட்டு நகராது. ரெண்டும் சிநேகிதம். சேர்ந்து கடலைப் பார்க்கப் போகுதுங்க. முழுக்கக் காமெடி."

"சரி."

"எழுபதாவது நிமிஷத்துல சண்டை போட்டுப் பிரியுதுங்க. எண்பதாவது நிமிஷத்துல சேரணும். சேர்ந்து கடலைப் பார்க்கணும். குழந்தைங்க கைதட்டணும். தயாரிப்பாளர் இதுல பிடிவாதமா இருக்கார்."

"சேர்த்துடுங்க."

"ஏழு தடவை சேர்த்தேன். ஏழும் பொய்."

பல்கீஸ் நாற்காலியைத் திருப்பினார்.

"வெள்ளம் வர வெச்சேன். அணில் காப்பாத்திச்சு. பொய்யா இருந்துச்சு. பாம்பு வர வெச்சேன். நத்தை காப்பாத்திச்சு. அதுவும் பொய். பாட்டு வெச்சேன் மேடம், ஒரு பாட்டு! நத்தை ஓட்டுக்குள்ள இருந்து தலையை நீட்டவே மாட்டேங்குது."

"ஏன் பிரியுதுங்க?"

"நத்தையாலதான். அது நடக்கிற நடையில படகு போயிடுது. அணில் எல்லார் முன்னாடியும் கத்திடுது. உன்னோட வந்ததே தப்புன்னு."

"இதை யார் சொல்றது?"

"கதைதான் சொல்லுது."

"கதையை?"

"நான் சொல்றேன்."

"நீங்க இந்தக் கதையில யாரு, சார்?"

வேதமூர்த்தி சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோலத் தேடினான். அங்கே ஒன்றும் இல்லை.

"அணில்," என்றான்.

"அப்போ நத்தை எங்கே?"

"தூத்துக்குடியில இருக்கான்."



ஒரு காலத்தில் திரையில் 'நகைச்சுவை: மூர்த்தி – சூசை' என்று வரும்.

மூர்த்தி பேசுவான். சூசை எழுதுவான். மூர்த்தி ஒரு மணி நேரத்தில் இருபது வேடிக்கை சொல்வான். சூசை அதில் பத்தொன்பதை அடித்துவிட்டு, மீதி ஒன்றை இரண்டு நாள் வைத்துக்கொண்டிருப்பான். அந்த ஒன்றுக்குத்தான் தியேட்டர் அதிரும்.

சூசைக்குப் பேச்சு திக்கும். கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டான். கதை சொல்லப் போகிற இடத்தில் எல்லாம் மூர்த்தி முன்னால், சூசை பின்னால்.

இவர்கள் எப்படி நண்பர்கள் ஆனார்கள் என்று கோடம்பாக்கமே வேடிக்கை பார்த்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்துக்கு எழுதிக் கொடுக்க ஒரு நாள் தாமதமாயிற்று. அலுவலகத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். மூர்த்தி கத்தினான். "உன்னை இழுத்துக்கிட்டு நடந்தே என் ஆயுசு போச்சுடா! நீ நத்தைடா, நத்தை!"

சூசை பேனாவை மூடினான். எழுந்து போனான். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டான் என்று தெரிந்தது.

இவ்வளவையும் வேதமூர்த்தி பல்கீஸிடம் சொன்னான். சொல்லிவிட்டு, "கத்தினது தப்புதான். இல்லேன்னு சொல்லலை. அதுக்காகப் பதினோரு வருஷமா மேடம்? ஒரு போன் கிடையாது. ரெண்டு கிறிஸ்துமஸுக்கு நான்தான் வாழ்த்து அனுப்பினேன்" என்றான்.

"படம் கையில இருக்கா?"

இருந்தது. வண்ணம் ஏறாத படம். பென்சில் கோட்டில் காட்சிகளை வரைந்து, அடுக்கி, தற்காலிகமாகக் குரல் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பல்கீஸ் அதை ஓடவிட்டார். சத்தத்தை முழுக்க அணைத்தார்.

"மேடம், வசனம் இல்லாம எப்படி? வசனம்தானே காமெடி?"



அணில் ஓடியது. நத்தை ஊர்ந்தது. அணில் வாயைத் திறந்து திறந்து மூடியது. என்ன பேசுகிறது என்று தெரியாததால் வேதமூர்த்திக்கே கண் நத்தையின் மேல் போயிற்று. தன் படத்தில் நத்தையை அவன் இப்படித் தொடர்ந்து பார்த்ததே இல்லை.

பன்னிரண்டாவது நிமிஷம். எறும்புகளின் கல்யாணம். விருந்தாளிகளைச் சிரிக்கவைக்க அணில் எழுந்து நின்று நத்தை மாதிரி நடந்துகாட்டுகிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

பல்கீஸ் படத்தை நிறுத்தினார்.

"இதுல யார் யார் சிரிக்கிறாங்க?"

"எல்லாரும்."

"நத்தை?"

"நத்தையும்தான் சிரிக்குது. வாயைப் பாருங்க."

"கொம்பைப் பாருங்க."

பார்த்தான். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டு கொம்பும் பாதி உள்ளே போயிருந்தன. யாரோ தொட்டுவிட்ட மாதிரி.

"வரைஞ்ச பொண்ணு புதுசு மேடம். தப்பா வரைஞ்சிருக்கு. மாத்தச் சொல்லிடறேன்."

"மாத்த வேண்டாம்."

"அப்போ எண்பதாவது நிமிஷத்துக்கு என்ன பண்றது?"

"நத்தையைப் போய்க் கேளுங்க," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சண்டைக் காட்சிக்குத் திரும்பிக்கொண்டார்.



வேதமூர்த்தி உடனே போய்விடவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டான். காய்ச்சல் என்றான், மழை என்றான். கடைசியில், கதைக்காகத்தானே போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ரயில் ஏறினான்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடற்கரைச் சாலையை ஒட்டிய சின்னச் சந்து. கதவு திறந்திருந்தது. மேஜை நிறைய அச்சுத் தாள். சூசை குனிந்து சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தான். அச்சகம் ஒன்றுக்குப் பிழை பார்த்துக் கொடுக்கிறானாம். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை.

தலை முழுக்க நரைத்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து நின்றான்.

"வாங்க," என்றான்.

"என்னடா 'வாங்க'! நான்டா."

"தெ… தெரியுது. உட்காருங்க."

உட்கார்ந்தான். சூசை மின்விசிறியைப் போட்டான். தாள்கள் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் எதையாவது எடுத்து வைத்தான். எந்த ரயிலில் வந்தீர்கள், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டான். மனைவி பள்ளிக்கூட வேலைக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம்தான் வருவாள் என்றான். வழி தவறி வந்த பள்ளி இன்ஸ்பெக்டரைக்கூட அவ்வளவு மரியாதையாக யாரும் உபசரிக்க மாட்டார்கள்.

வேதமூர்த்தி நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுக்குப் பதில் திட்டு அவனிடம் நிறைய இருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெண் தேநீர் கொண்டுவந்தாள். இருபது வயதிருக்கும்.

"ரோஸ்லினா இது? அடேயப்பா! என் தோள்ல ஏறி உட்கார்ந்துக்குவே. மாமாவை ஞாபகம் இருக்காம்மா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். தம்ளரை வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

"என்னடா, வாயே திறக்க மாட்டேங்குறா? கூச்சமா?"

"அ… அவளுக்கும் என்னை மாதிரிதான்," என்றான் சூசை. "வீட்டுல நல்லாப் பே… பேசுவா. வெளியாள் இருந்தா பேச மாட்டா."

வேதமூர்த்தி தம்ளரை எடுத்தவன் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"சின்னப் பிள்ளையில நல்லாத்தானேடா பேசுவா?"

"கொ… கொஞ்சம் திக்கும். அதைப் பொருட்படுத்தாமப் பேசுவா. ரெண்டாங் கிளாஸ்ல நிறுத்திட்டா."

"ஏன்?"

சூசை தாள் ஒன்றை எடுத்து நேராக அடுக்கினான்.

"அந்தக் கண்டக்டர் படம் வந்துச்சுல்ல. அந்த வ… வருஷம்."



கண்டக்டர் படத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கதாநாயகன் யார் என்று மறந்திருக்கலாம். அந்தக் கண்டக்டரை மறக்க முடியாது.

ஒரு இயக்குநர் மூன்று நாளாக எதற்கும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். மூர்த்தி சொன்ன எதுவும் எடுபடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மூர்த்தி எழுந்து நின்றான். சூசை டீக்கடையில் டீ கேட்பது எப்படி என்று செய்துகாட்டினான்.

இயக்குநர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். "இவன்தான்யா கேரக்டர்!" என்றார். "இவனைக் கண்டக்டர் ஆக்கு. ஊர்ப் பேரைச் சொல்றதுக்குள்ள பஸ் அடுத்த ஊருக்குப் போயிடணும்."

அறையே சிரித்தது. மூலையில் உட்கார்ந்திருந்த சூசையும் சிரித்தான்.

"சொ… சொ… சொ… சொல்றதுக்குள்ள போயிட்டியே!" – அந்த வருஷம் தமிழ்நாட்டில் ஆட்டோவில், கல்யாண வீட்டில், வகுப்பறையில் எல்லாம் இந்த வசனம்தான்.

"பள்ளிக்கூடத்துல அவ எழுந்து நி… நின்னாலே போதும்," என்றான் சூசை. "வாயைத் திறக்க வேண்டாம். பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து அதைச் சொல்லும். டீச்சரும் சிரிப்பாங்க. நல்ல டீச்சர்தான். சிரிப்பு வ… வந்துருச்சு, என்ன செய்வாங்க."

"நீ என்கிட்ட சொல்லலையேடா!"

சூசை சிவப்புப் பேனாவை மூடி வைத்தான்.

"அன்னிக்கு நீயும்தானே சிரிச்சே? நான் பார்த்தேனே!"

"ஆமா. சிரிச்சேன்."

"வசனம் முழுக்க நீதானேடா எழுதினே! நான் ஒரு வரிகூட எழுதலை!"

"நீங்க எழுதினா த… தப்பாத் திக்கும்," என்றான் சூசை. "எந்த எழுத்துல நிக்கும், எந்த எழுத்துல நிக்காதுன்னு எனக்குத்தானே தெரியும். வே… வேலையை ஒழுங்காச் செய்யணும்ல."

குரலில் கோபம் இல்லை. அச்சுப் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டுவதுபோலச் சொன்னான்.

வெளியே மீன்காரர் ஒருவர் சைக்கிளில் கூவிக்கொண்டு போனார். உள்ளே ரோஸ்லின் யாரோடோ போனில் பேசுவது கேட்டது. திக்கித் திக்கி, சிரித்துச் சிரித்து, தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். வேதமூர்த்தி இருமினான். பேச்சு நின்றது.

"அப்போ, அதுக்கு மூணு வருஷம் கழிச்சு ஆபீஸ்ல நான் கத்தினேனே…"

"அதா?" சூசை யோசித்தான். "அவளை அந்த ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்துரணும்னு நான் ஏற்கெனவே மு… முடிவு பண்ணியிருந்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நீங்க கத்தினது நல்லதாப் போச்சு. சொல்லாமலே வந்துட்டேன்."

பதினோரு வருஷமாக வேதமூர்த்தி ஒரு சண்டையைத் தன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பக்கம், அவன் பக்கம் என்று வாதாடி, பாதி நாள் ஜெயித்து, பாதி நாள் தோற்று. அந்தச் சண்டை சூசைக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

மத்தியானம் இருவரும் சாப்பிட்டார்கள். சூசை மீன் துண்டில் பெரியதை அவன் தட்டில் வைத்தான். சாப்பாட்டின்போது அணில்-நத்தைக் கதையை வேதமூர்த்தி முழுக்கச் சொன்னான். சூசை கவனமாகக் கேட்டான். எறும்புக் கல்யாணம் வந்தபோது, "அது நல்லா இருக்கும். பி… பிள்ளைங்க சிரிக்கும்" என்றான்.

அதற்குமேல் வேதமூர்த்தியால் சாப்பிட முடியவில்லை.

கை கழுவிவிட்டு வந்து நின்றான். மேஜையைப் பிடித்துக்கொண்டான். கதைக்காக வந்தவனுக்குக் கதை மறந்துபோயிருந்தது.

"சூசை. என்னை மன்னிச்சிருடா."

சூசை நிமிர்ந்தான். அந்த முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஏதோ ஒன்று அசைந்தது. வாயைத் திறந்தான்.

"ம…"

கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடிக்கொண்டது.

"ம… ம…"

வேதமூர்த்தி மேஜையிலிருந்து கையை எடுத்தான். கண்ணில் நீர் முட்டியது. இரண்டு எட்டில் போய் அவன் கையைப் பிடித்தான்.

"மன்னிச்சிட்டேன்னுதானேடா சொல்ல வர்றே? எனக்குத் தெரியும்டா! நீ மன்னிச்சிடுவேன்னு எனக்குத் தெரியும்!"

சூசையின் வாய் மூடிக்கொண்டது. நரம்பு இறங்கியது. கண்ணைத் திறந்து, பிடித்திருந்த கையைப் பார்த்தான். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"மணி ஆச்சு," என்றான். ஒரு எழுத்தும் திக்கவில்லை. "கிளம்புங்க. ரயில் போயிரும்."

ரயிலுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.



"பன்னிரண்டாவது நிமிஷம், மேடம்," என்றான் வேதமூர்த்தி.

இந்தத் தடவை செருப்பை வாசலிலேயே விட்டிருந்தான்.

"எழுபதாவது நிமிஷத்துல பிரிவே கிடையாது. அது அணிலுக்கு மட்டும்தான் பிரிவு. நத்தை பன்னிரண்டாவது நிமிஷத்துலயே போயிடுச்சு. மிச்ச படம் முழுக்க அணில் ஓட்டோடதான் பேசிட்டு வருது."

பல்கீஸ் தலையசைத்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அந்தக் கண்டக்டர் யாருன்னு எனக்குத் தெரியும். அந்தப் படம் நான் வெட்டினது, சார்."

வேதமூர்த்திக்கு அது மறந்தே போயிருந்தது.

"நடிகர் 'சொ'ன்னு ரெண்டு தடவைதான் திக்கினார். சிரிப்பு பத்தலைன்னாங்க. நான்தான் வெட்டி ஒட்டி மூணாக்கினேன்." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அந்த மூணாவதுக்குத்தான் தியேட்டர் எழுந்து நின்னுச்சு."



"நீங்க போய் அவனைப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஏன் மேடம்?"

"தைரியம் இல்லை. அதான் உங்களை அனுப்பினேன்."

வேதமூர்த்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றார் பல்கீஸ்.

"கேட்டேன்."

நடந்ததைச் சொன்னான். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதை, சூசை வாயைத் திறந்ததை, தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்ததை, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல வர்றான்னு நினைச்சு ஏமாந்துட்டேன் மேடம். மணி ஆச்சு கிளம்புன்னுதான் சொல்ல வந்திருக்கான். அவ்வளவுதான். அவனுக்கு மன்னிக்க மனசு இல்லை. அப்போ எண்பதாவது நிமிஷமே கிடையாது. நத்தை திரும்பி வராது. தயாரிப்பாளர் என்ன சொன்னாலும் சரி, இதுதான் உண்மை. இப்படியே எழுதிடறேன். சரிதானே?"

பல்கீஸ் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"நீங்க குறுக்கே விழறதுக்கு முன்னாடி, அவர் சொல்ல வந்ததும் 'மணி'தானா, சார்?"